நாற்பத்து மூன்று காலணாக்கள்

காசைக் கண்டு அருவருத்தவர் எவரும் இல்லை. மூன்று வருஷமாகப் பழங்காசு தேடும் வேலையில் இருக்கும் கிருபாகரனுக்கு இதில் சந்தேகமே கிடையாது. பசியோடு காசைப் பிடித்தவர்கள் உண்டு, பயத்தோடு பிடித்தவர்கள் உண்டு, திருடிவிட்டு வெடவெடத்தபடி பிடித்தவர்கள் ஏராளம். அருவருப்போடு பிடித்தவர் ஒருவர்கூட அவன் கருவியில் சிக்கியதில்லை. அந்த அருவருப்பெல்லாம் அவன் ஒருவனுக்கே வாய்த்தது.

வேலை அப்படி. செத்துப்போன யாரோ ஒருவரின் வேர்வையைத் தன் உடம்பில் ஏற்றிப் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். இதைத் தினமும் செய்துவிட்டு ஒருவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனைவி சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டுவதைப் பார்த்தால் கிருபாகரனுக்குக் குமட்டும். தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டான். யாராவது கையில் எதையாவது நீட்டினால், "அங்க வெச்சிடுங்க" என்பான். வைத்துவிட்டு அவர்கள் நகர்ந்த பிறகுதான் எடுப்பான்.

அன்று அவன் வந்திருந்தது அமராவதி ஆற்றுக்குத் தெற்கே, வேலம்பாறைப்புதூரில், தெய்வசிகாமணி என்பவரின் கடலைக்காட்டுக்கு. கடலைக்காய் பறித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. காசு தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது. செடியைப் பிடுங்கும்போது கீழ்மண் மேலே வந்துவிடும். பூமி பொலபொலவென்று இருக்கும். கருவிக்கு வேலை சுலபம். ஆறு ஏக்கரும் சுத்தமாகப் பறித்தாகிவிட்டது. வடகிழக்கு மூலையில் மட்டும், ஒரு வீடு கட்டுகிற அளவு இடத்தில், செடிகள் பறிக்காமல் நின்று காய்ந்துகொண்டிருந்தன.

"அது ஏனுங்க அப்படியே நிக்குது?" என்று கேட்டான்.

"அதுங்களா? ஆளுக அங்க பறிக்க மாட்டாங்க. பேயி கீயின்னு ஏதோ பயம். நானும் உட்டுட்டனுங்க." தெய்வசிகாமணி அதை ஒரு கையசைப்பில் ஒதுக்கினார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, விருந்தாளிக்கு இளநீர் வெட்டிவைத்துக் காத்திருக்கும் மனிதர். கருவியையும் பெட்டியையும் சுற்றிச் சுற்றி வந்தார். "இந்தப் பொட்டி என்னதாங்க பண்ணுது? வெளங்கற மாதிரிச் சொல்லுங்க."

கிருபாகரன் நூறு காட்டில் சொன்னதை நூற்றியோராவது தடவையாகச் சொன்னான். "செம்புல கை பட்டா வேர்வை ஒட்டுமுங்க. அப்படியே காசு மண்ணுல விழுந்து களிம்பு ஏறிட்டா, அந்த வேர்வை களிம்புக்கு அடியில மாட்டிக்கும். பயந்தவன் வேர்வை வேற, பசிச்சவன் வேர்வை வேற. பெட்டி அதைப் படிச்சு, மணிக்கட்டுல ஒட்டற இந்தப் பட்டை வழியா நம்ம ஒடம்புக்குச் சொல்லும். கடைசியா அந்தக் காசைத் தொட்டவங்களுக்கு என்ன இருந்துச்சோ, பத்து நொடி அது நமக்கு இருக்கும்."

"கடைசியாத் தொட்டவுங்க மட்டுந்தானா?"

"ஆமாங்க. புதுசா ஒரு கை பட்டுட்டா, அந்த வேர்வை பழசைக் கரைச்சிடும். அதுக்குத்தான் இந்தக் கையுறை. ஒரு தடவை முழுசாப் படிச்சா அதோட தீர்ந்துச்சு. ஒரு காசு, ஒரு ஆள், ஒரு தடவை. இங்க நான் பெட்டியில வெச்சு ஓரத்துல லேசா முகர்ந்து பார்க்கறதோட சரி."

"இதையும் வெல குடுத்து வாங்கறாங்களா?"

"வாங்கறாங்க."

யார் வாங்குகிறார்கள் என்று அவன் சொல்லவில்லை. சென்னையில் ஒரு வக்கீல் சனிக்கிழமை தோறும் ஒரு பசி வாங்குகிறார். பெரிய ஓட்டலில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, பட்டையை ஒட்டிக்கொண்டு, நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ கிடந்த பட்டினியைப் பத்து நொடி அனுபவித்துவிட்டு, பிறகு பிரியாணியில் கை வைப்பார். ருசி தூக்கலாக இருக்கிறதாம். துக்கம் வாங்குகிறவர்கள் கணவன் மனைவியாக வருவார்கள்; இருவரும் அழுதால் உறவு நெருக்கமாகிறதாம். இவர்களுக்காகத்தான் கிருபாகரன் வெயிலில் குனிந்து மண்ணைத் தடவிக்கொண்டிருந்தான்.

தெய்வசிகாமணிக்கு ஓர் ஆசை இருந்தது. "தாது வருசப் பஞ்சத்துல எங்க பூட்டனாரு இந்தக் காட்டுலதாங்க கஞ்சித்தொட்டி வெச்சு ஊருக்கே ஊத்துனாரு. கோயில்ல கல்லுல பேரு வெட்டிருக்குது. அவரு கையில வாங்குன ஒரு காசு, நன்றியோட தொட்ட காசு, ஒன்னே ஒன்னு கெடச்சாப் போதுமுங்க. கோயில் நோம்பிக்கு வாரவுங்க கையில எல்லாம் ஒட்டிக் காட்டிப்போடலாம்."

ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியாது என்று இப்போதுதான் சொன்னேனே என்று கிருபாகரன் நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் வரை கிடைத்தவை ஒரு மாட்டு மணி, டிராக்டர் போல்ட் நான்கு, லாடம் ஒன்று, காசு ஒன்று. காசை முகர்ந்து பார்த்தான். சந்தோஷம். யாரோ சந்தைக்குப் போகிற வழியில் தவறவிட்டிருக்கிறார்கள். சந்தோஷத்துக்கு விலை கிடையாது. அது சரியாகப் படிவதும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறவர்கள் காசை இறுக்கிப் பிடிப்பதில்லை. தூக்கி ஓரமாகப் போட்டான்.

காட்டில் ஐந்து பெண்கள் களைக்கொத்தால் மண்ணைக் கிளறி, பறிப்பில் விட்டுப்போன காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அறுவடை முடிந்த காட்டில் மிச்சக் கடலை பொறுக்குகிறவர்களுக்குச் சொந்தம். அவர்களில் துளசிமணி என்பவள் அவனைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். காலனியிலிருந்து வருகிறவள். கிருபாகரன் களைத்து வரப்பில் உட்கார்ந்ததைப் பார்த்து, ஒரு கை நிறையப் பச்சைக் கடலையை நீட்டினாள்.

"சாப்புடுங்க சார். கழுவுனதுதான்."

"அங்க வெச்சிடுங்கக்கா."

நீட்டிய கை நின்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடலையை வரப்பில் வைக்காமல் தன் மடியிலேயே போட்டுக்கொண்டு திரும்பினாள். கிருபாகரனுக்கு உறைக்கவில்லை. எத்தனையோ பேரிடம் சொல்வதுதானே.

வெயில் சாயத் தொடங்கியதும் அவன் வடகிழக்கு மூலைக்கு நடந்தான். துளசிமணி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"அக்கட்டால போக வேண்டாம் சார்."

"எனக்குப் பேய் பயமெல்லாம் இல்லைங்கக்கா."

"பேயின்னு யாரு சொன்னா?"

காய்ந்த செடிகளைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு கருவியை மண்மேல் நீட்டினான். அது விடாமல் கத்த ஆரம்பித்தது. ஒரு முழ ஆழத்துக்குள், வாரி இறைத்த மாதிரி, காசுகள். எல்லாம் செம்பு, எல்லாம் ராணி தலை போட்ட காலணா. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினான். நாற்பத்து மூன்று. கருவி தானாகவே இடத்தையும் எண்ணிக்கையையும் ஆபீசுக்கு அனுப்பிவிட்டது. தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

முதல் காசைப் பெட்டியில் வைத்து, பட்டையை மணிக்கட்டில் ஒட்டினான்.

முதலில் பசி வந்தது. அவனுக்குப் பழக்கமான பசிதான், நான்கு நாள் பசி, வயிறு முதுகோடு ஒட்டுகிற பசி. இந்தப் பசியில் கை காசைக் கவ்விப் பிடிக்கும், அதற்காகக் காத்திருந்தான். கை கவ்வவில்லை. விரல்கள் விரிந்தன. அடிவயிற்றிலிருந்து ஒன்று ஏறிவந்தது. மலத்தை மிதித்துவிட்ட காலை உதறுவோமே, அந்த உதறல் உள்ளங்கையில். வாயெல்லாம் எச்சில் ஊறியது. அந்தப் பசியிலும் அந்தக் காசை வேண்டாம் என்றது உடம்பு.

பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, இரண்டு எட்டு தள்ளிப் போய் வாந்தி எடுத்தான். வந்து வாய் கொப்பளித்துவிட்டு இரண்டாவதை வைத்தான். கை வேறு, பெண் கை. அதே பசி, அதே அருவருப்பு. மூன்றாவது வேறொரு கை. ஏழு காசு பார்த்தான். ஏழும் ஏழு பேர். அதற்கு மேல் உடம்பு தாங்கவில்லை.

"நன்றிங்களா?" என்றார் தெய்வசிகாமணி.

"இல்லைங்க. அருவருப்பு."

அவர் முகம் சுருங்கியது. ஒரு நிமிஷம் யோசித்தார். "அதுக்கு நல்ல வெல போகுங்களா?"

கிருபாகரன் பெட்டியை மூடினான். "உங்க பூட்டனார் கஞ்சி ஊத்துன காட்டுல, இத்தனை பேர் காசை அருவருத்து வீசியிருக்காங்க. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கெணத்து மூலைங்க அது. என்னமோ பழைய கத. நமக்கெதுக்குங்க அது? வெல போகுமான்னு சொல்லுங்க."

அங்கே கிணறே இல்லை. கிருபாகரன் சுற்றிப் பார்த்தான். மூலையில் மண்தான் இருந்தது.

ஆபீசிலிருந்து மாளவிகா கூப்பிட்டாள். அவனுக்கு மேலதிகாரி, வயதில் சின்னவள், எப்போதும் உற்சாகம். "கிருபா, பெட்டி அனுப்பின லாக்ல பார்த்தேன். அருவருப்பா? நிஜமாவா? கம்பெனி ஆரம்பிச்சதுல இருந்து ஒன்னுகூட வந்ததில்லை தெரியுமா? நம்ம வக்கீல் சார்கிட்ட இப்பவே சொல்லப்போறேன். பத்திரம், கை மட்டும் பட்டுடாம பார்த்துக்கோங்க."

தெய்வசிகாமணி இன்னும் இரண்டு இளநீர் கொண்டுவரச் சொல்லிக்கொண்டே வீட்டுப்பக்கம் போனார். துளசிமணி போகவில்லை.

"அந்தக் காசுல என்ன சார் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எங்க காலனிக்கு அன்னைக்குக் கெணறு கெடையாதுங்க. அப்பத்த பண்ணாடி, இவரு பூட்டனாரு, அவரு கெணறு இந்த மூலையில. பஞ்சத்துல எல்லாம் காஞ்சு, இதுல மட்டும் அடியில கொஞ்சூண்டு தண்ணி. எங்க ஆளுக ரெண்டு பேரு, புருசனும் பொண்டாட்டியும், எறங்கிக் குடிச்சுப்போட்டாங்க. தண்ணி தீட்டாயிப்போச்சுன்னு, அவுங்க ஏறி வாரதுக்குள்ள மேல இருந்து கல்லும் மண்ணும் தள்ளி மூடிட்டாங்க."

"உயிரோடயா?"

"உசுரோடத்தான். விடிஞ்சதும் காலனியில ஊட்டுக்கு ஒரு காலணா. நாப்பத்திமூணு ஊடு. வாய மூடிக்கறதுக்கு. கையில குடுக்கல சார். தரையில வெச்சு, நவுந்து நின்னுக்கிட்டு, எடுத்துக்கன்னாங்க."

கிருபாகரனுக்கு வரப்பு ஞாபகம் வந்தது. நீட்டிய கையும் மடியில் விழுந்த கடலையும் ஞாபகம் வந்தன.

"எடுத்தாங்க," என்றாள் துளசிமணி. "எடுக்காட்டி ஊட்டுக்குத் தீ வெச்சிருப்பாங்க. எடுத்து, அந்த மூடுன கெணத்து மேலயே எறிஞ்சுட்டுப் போனாங்க. நாலு நாளா அடுப்பு எரியாத ஊடுக சார் அது. ஒரு காலணாவுக்கு அன்னைக்கு அரை வயிறு கஞ்சி. ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல, எல்லா ஊடும் எறிஞ்சாங்க. அதான் நாங்க இங்க பறிக்கறதில்ல. கடலை வெதச்சாலும் செரி, கம்பு வெதச்சாலும் செரி, இந்த எடத்துல கை வெக்கறதில்ல. இவரும் ஏரு ஓட்டறப்ப இங்க மட்டும் மேலாப்புல ஓட்டுவாரு. தெரியாமயா ஓட்டுவாரு?"

அவள் தட்டைக் காட்டிக் கேட்டாள்: "இதை எடுத்துட்டுப் போயி யாருக்குக் குடுப்பீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் வக்கீலைப் பற்றிச் சொன்னான். பிரியாணியைப் பற்றியும் சொன்னான்.

துளசிமணி மண்ணில் காறித் துப்பினாள். "எறிஞ்சதைப் பொறுக்கி நக்கறதுக்கு ஆளு இருக்குதா? மண்ணுலயே போட்டுருங்க சார்."

"முடியாதுக்கா. எண்ணிக்கை போயாச்சு. ஒன்னு குறைஞ்சாலும் நாளைக்கே வேற ஆள் வந்து தோண்டுவான்."

"அப்ப எங்காளுக ஒடம்பு கண்டவன் கையில எல்லாம் போயி ஏறுமா?"

அந்தக் கேள்வி கிருபாகரனை உலுக்கிவிட்டது. தட்டில் இருந்த காசுகளைப் பார்த்தான். ஒரு வழி இருந்தது. தொழிலில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஆனால் அடிக்கடி நடப்பதுதான். புதுப் பையன்கள் கையுறை கிழிந்தது தெரியாமல் தொட்டுவிடுவார்கள். அப்படிக் கைபட்ட காசை ஆபீசில் கழிவு என்று முத்திரை குத்தி, எடுத்தவனுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"கழிவாயிட்டா என்கிட்டயே திரும்பி வரும்," என்றான். "ஒரு வாரத்துல. கொண்டுவந்து உங்ககிட்டயே குடுத்துடறேன். உங்க கையில."

கையுறையைக் கழற்றினான். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரு பழங்காசை வெறும் கையால் எடுத்தான். உள்ளங்கையில் வைத்து மூடி, வேர்வை நன்றாகப் படும்வரை கசக்கினான். அடுத்ததை எடுத்தான். தரையில் காசை வைத்துவிட்டு நகர்ந்து நின்றவனை நினைத்தான். கல்வெட்டில் இருக்கும் பெயரை நினைத்தான். வெல போகுங்களா என்ற கேள்வியை, மாளவிகாவின் உற்சாகத்தை, வக்கீலின் எண்ணெய் வழியும் விரல்களை நினைத்தான். கடைசிப் பத்துக் காசுக்கு வேறு யாரையும் நினைக்கவில்லை. அங்க வெச்சிடுங்க என்று சொன்ன தன் வாயைத்தான் நினைத்தான். நாற்பத்து மூன்றும் முடிந்தபோது கை பச்சைக் களிம்பாகி நாறியது. துளசிமணி தன் தூக்குப்போசித் தண்ணீரை ஊற்றினாள், கழுவிக்கொண்டான்.

எட்டாம் நாள் மாளவிகா கூப்பிட்டாள்.

"கிருபா, உங்க வேலம்பாறைப்புதூர் காயின்ஸ் பார்த்தோம்."

"சாரி மாளவிகா. கையுறை கிழிஞ்சது தெரியலை. கழிவுதானே? திருப்பி அனுப்பிடுங்க."

அவள் சிரித்தாள். "கழிவா? ஃபர்ஸ்ட் கிளாஸ். நாப்பத்து மூணும் ஒரே கை, நாப்பத்து மூணும் அருவருப்பு. ஒன்னைவிட அடுத்தது அழுத்தம். கடைசிப் பத்தை லேசா முகர்ந்து பார்த்ததுக்கே லேப்ல ஒருத்தராலயும் தாங்க முடியலை. மொத்தமா வித்தாச்சு."

மெல்லக் கேட்டான்: "அது யார் கைன்னு தெரியுமா?"

"உங்க கைதான். ஸ்டாஃப் ரெக்கார்டோட ஒத்துப் பார்த்தோமே. காசு பஞ்ச காலத்துக் காசு, வாங்கறவருக்கு அது போதும். வக்கீல் சார் முதல் காசு போட்டுட்டு அழுதுட்டாராம். அந்தக் காலத்து ஜனங்க எவ்வளவு மானஸ்தங்கன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறார்." குரலைத் தாழ்த்தினாள். "கேளுங்க. இனிமே நீங்க காடு மேடெல்லாம் அலைய வேண்டாம். படிச்சுத் தீர்ந்த பழங்காசு மூட்டை மூட்டையா இங்க கிடக்கு. வீட்டுக்கே அனுப்பறேன். உட்கார்ந்து தொட்டுக் குடுத்தாப் போதும். உங்க பங்கு இப்பவே அனுப்பிட்டேன், பாருங்க."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றான். வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்பது அவனுக்கே விளங்கவில்லை. போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது.

மறுநாள் அவன் வேலம்பாறைப்புதூருக்குப் போனான். போகாமலே இருந்திருக்கலாம், உங்க கையில தருவேன் என்று சொல்லித் தொலைத்திருந்தான். கடலைக்காட்டில் உழவு முடிந்திருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஏர் மேலாக ஓடியிருந்தது. துளசிமணி வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான், வீட்டுக்கு வரப்போகும் மூட்டை வரைக்கும்.

அவள் முழுதும் கேட்டாள். "எங்காளுக அதுல இல்லீங்களா?"

"இல்லைக்கா. ஒருத்தரும் இல்லை. அதுல இருக்கறது நான் மட்டும்தான்."

"நான் கேட்டது அதுதான். அது ஆச்சு." ஆட்டை அதட்டித் திருப்பினாள். "அப்ப இந்தத் தடவ காசு வாங்கிக்கிட்டது நீங்களா?"

கிருபாகரன் போனை எடுத்து அவளிடம் காட்டினான். திரையில் அவன் பங்குத் தொகை இருந்தது. அவள் எட்டிப் பார்த்தாள், தொடவில்லை.

மூடிய கிணறு இருந்த மூலையைப் பார்த்தான். எறிந்துவிட வேண்டும்போல இருந்தது. உள்ளங்கை அரித்தது, அந்த ஏழு பேர் கையும் விரிந்தது போலவே அவன் விரல்களும் விரிந்தன. எதை எறிவது? போனை எறிந்தாலும் அந்தப் பணம் எங்கேயோ பத்திரமாக இருக்கும். சட்டைப் பையைத் தடவினான். சில்லறை வைத்துக்கொள்வதை விட்டு வருஷக்கணக்காகிறது.

துளசிமணிக்குப் புரிந்துவிட்டது. "எங்காளுகளுக்கு எறியறதுக்குன்னு ஒரு காசாச்சும் இருந்துது சார்," என்றாள். திட்டுகிற குரல் இல்லை. மடியிலிருந்து ஒரு பிடி கடலையை எடுத்து நீட்டினாள். அவன் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

வாயில் போடப் போகும்போது போன் அதிர்ந்தது. மாளவிகா. இருநூறு காசு கூரியரில் கிளம்பிவிட்டதாம். கீழே இன்னொரு வரி: கையுறை தேவையில்லை.